யாழ்ப்பாணத்தில் கட்டடம் எழுப்புவோருக்கு: சத்தத்தைத் தடுக்கும் முழுமையான வழிகாட்டி

கட்டடங்களின் ஒலித்தடுப்புக்காக மேற்கு நாடுகளில் எழுதப்பட்ட நியமங்கள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லாமலே வைத்துக்கொள்கின்றன: யன்னல் பூட்டியிருக்கும். நாங்கள் யன்னலைப் பூட்டி வாழ்கிறவர்கள் அல்ல. சித்திரை, வைகாசி வெக்கையில் யன்னலைத் திறந்து வைத்தால்தான் மூச்சு விடலாம். அந்த யன்னலால் காற்றோடு சேர்ந்து காங்கேசன்துறை வீதி பஸ் ஹோர்னும், கோயில் ஒலிபெருக்கியும், பக்கத்து வளவு ஜெனரேற்றரும் உள்ளே வருகின்றன. அதனால் வெளிநாட்டு நியமங்களில் உள்ள சுவர்க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் காசு செலவாகும், சத்தம் குறையாது. எங்கள் ஊரில் சத்தத்துக்கு எதிரான வேலை வரைபடத்தில் தொடங்குகிறது. சுவரும் கண்ணாடியும் அதற்குப் பிறகுதான்.

வீடு கட்டுபவர், ரியூசன் நிலையம் நடத்துபவர், மண்டபமோ கிளினிக்கோ கட்டுபவர் யாராக இருந்தாலும், அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே இதை ஒருதடவை வாசித்துவிட்டு எஞ்சினியரோடு பேசப் போங்கள். கட்டிய பிறகு சத்தத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.

முதலில் எண்கள்

சத்தத்தை டெசிபெலில் அளக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் அளவு அல்ல. 60 டெசிபெல் தரும் மோட்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் 120 ஆகாது, 63 ஆகும். அளவு 10 டெசிபெல் கூடினால் எங்கள் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். ஆகவே “5 டெசிபெல்தானே குறைந்தது” என்று தள்ளிவிட வேண்டாம். நித்திரை கொள்ள முயல்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

இரண்டு வேலைகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு, அல்லது வெளியிலிருந்து உள்ளே, சத்தம் வராமல் மறிப்பது ஒலித்தடுப்பு. இதற்குத் திணிவும் இறுக்கமும் வேண்டும். ஓர் அறைக்குள் எழும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி முழங்காமல் செய்வது ஒலி உறிஞ்சல். இதற்கு மென்மையான, நுண்துளைகள் உள்ள பொருள் வேண்டும். கடைகளில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான். சுவரில் ஃபோம் ஒட்டினால் அறைக்குள் முழக்கம் குறையும். பக்கத்து வீட்டுப் பாட்டு குறையாது. முட்டைத் தட்டு ஒட்டுவது எந்தத் தடுப்பும் தராது, தீ பிடித்தால் ஆபத்து. ரெஜிபோம் பலகை பாரமும் இல்லாதது, உறிஞ்சவும் மாட்டாது. சத்தத்துக்காக அதை வாங்க வேண்டாம்.

சுவரின் தடுப்பாற்றலுக்கு ஐஎஸ்ஓ 717 நியமத்தின்படி ஆர்டபிள்யூ என்ற ஒற்றை எண் தரப்படுகிறது. அமெரிக்க முறையில் அதற்கு எஸ்ரிசி என்று பெயர். இரண்டும் கணிப்பில் சற்று வேறுபட்டாலும் எண்கள் பெரும்பாலும் அருகருகே வரும். சுவர் 25 என்றால் அப்பால் சாதாரணமாகப் பேசுவது சொல் சொல்லாக விளங்கும். 35 என்றால் உரத்த பேச்சு கேட்கும், ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. 45 என்றால் வெறும் முணுமுணுப்பு. 50 தாண்டினால் உரத்த பேச்சும் கேட்பதில்லை.

இந்த எண்கள் பேச்சுக்குச் சரி. சப்வூஃபர் இடிக்கும் தாழ் மீடிறன் சத்தமும் லொறியின் உறுமலும் நல்ல சுவரையே ஊடுருவும். அதற்காகத்தான் ஐரோப்பிய அறிக்கைகளில் சிரிஆர் என்ற திருத்த எண் கூடவே வரும். அது பெரும்பாலும் மறை எண்ணாக இருந்து ஆர்டபிள்யூவைக் குறைக்கும். பொருள் விற்கிறவர் ஆர்டபிள்யூ மட்டும் சொன்னால் சிரிஆர் என்னவென்று கேளுங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

எங்கள் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. இவை கட்டடத்தின் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் காணியிலிருந்து எல்லைக்கு அப்பால் எவ்வளவு சத்தம் போகலாம் என்று சொல்கின்றன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50. ஆஸ்பத்திரி, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம்: பகலில் 50, இரவில் 45. ஆகவே யாழ் நகருக்குள் ஒரு கணக்கு, கோண்டாவிலில் இன்னொரு கணக்கு, யாழ் பொது நூலகத்துக்கோ போதனா வைத்தியசாலைக்கோ அருகில் மூன்றாவது கணக்கு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: இந்த விதிகளில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கி விடிய 6 மணிக்கு முடிகிறது. மாலையில் நடக்கும் கலியாண வரவேற்பு முழுவதும் இரவு எல்லைக்குள்தான் வரும். ஒலிபெருக்கிக்கு இது தவிரத் தனிக் கட்டுப்பாடு உண்டு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது.

கட்டடத்துக்குள் எவ்வளவு அமைதி வேண்டும் என்பதற்கு வெளிநாட்டு நியமங்களை இரவல் வாங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில் படுக்கை அறைக்கு 30 டெசிபெல், பாடம் நடக்கும் வகுப்பறைக்கு 35 டெசிபெல். பிரித்தானியாவின் பிஎஸ் 8233 நியமம் இருக்கும் அறைக்குப் பகலில் 35, படுக்கை அறைக்கு இரவில் 30 என்கிறது. அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர், கட்டி முடித்த நிலையில் சிரிஆர் திருத்தத்தோடு 45 டெசிபெல் தடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் கட்டட ஒழுங்குவிதிகள் கேட்கின்றன. அமெரிக்காவில் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டடக் கோவை அதே சுவருக்கு எஸ்ரிசி 50 கேட்கிறது. இந்தியாவின் 2016 தேசியக் கட்டடக் கோவையிலும் எட்டாம் பாகத்தில் ஒலிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வெப்பநாட்டுக்காரர் எழுதியதால் எங்களுக்கு அது கூடுதலாக ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

காணியைக் கேட்டுப் பாருங்கள்

காணி வாங்குகிறபோது ஆவணத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் பார்க்கிறோம். சத்தத்தையும் பாருங்கள். காலை 7 மணிக்கு, பள்ளிக்கூட நேரத்தில். பின்னேரம் ரியூசன் விடும் நேரத்தில். இரவு 10 மணிக்குப் பிறகு. ஒரு வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில். வீடு வரப்போகும் இடத்தில் நின்று குறைந்தது 15 நிமிடம் அளக்க வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி ஓரளவுக்குத்தான் சரி. எந்த நேரம் மோசம், காணியின் எந்தப் பக்கம் மோசம் என்று ஒப்பிட அது போதும். அயலவரோடு வழக்கென்று வந்தாலோ மண்டபம் கட்டுவதாக இருந்தாலோ ஐஈசி 61672 நியமத்துக்கு உட்பட்ட, அளவுத்திருத்தம் செய்த ஒலிமானி வேண்டும்.

நல்லூர்ச் சுற்றாடலில் காணி என்றால் 25 நாள் திருவிழாவை நினைவில் வையுங்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் ரயில் பாதைக்கு அருகில் என்றால் ரயில் போகும் நேரத்தில் நின்று பாருங்கள். சராசரி எண்ணில் ரயில் தெரியவராது, நித்திரையில் தெரியவரும். அதனால் சராசரியோடு உச்ச அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். படுக்கை அறைக்குள் தனிச் சத்தம் ஒன்று 45 டெசிபெலைத் தாண்டினால் நித்திரை குழம்பும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

வரைபடம்தான் முதல் தடுப்பு

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். வீதிப் பக்கச் சுவருக்கு முன்னால் பகலில் 70 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். யன்னல் திறந்திருந்தால் சத்தம் 10 முதல் 15 டெசிபெல்தான் குறையும். உள்ளே 55க்கு மேல். சுவரை ஆறு இஞ்சிக் கல்லில் கட்டினாலும் ஒன்பது இஞ்சிச் செங்கல்லில் கட்டினாலும் இந்த எண் மாறாது. ஆனால் அதே படுக்கை அறையை வீட்டின் பின்பக்கம் வைத்தால் வீடே ஒரு மறைப்பாக நின்று 10 டெசிபெலுக்கு மேல் குறைத்துத் தரும். காசு செலவில்லை. வரைபடத்தில் இரண்டு அறைகளை இடம் மாற்றுவதுதான் வேலை.

தூரமும் உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு அல்ல. வாகனங்கள் வரிசையாக ஓடும் வீதியிலிருந்து தூரம் இரு மடங்கானால் 3 டெசிபெல் குறையும். ஸ்பீக்கர் அல்லது ஜெனரேற்றர் போன்ற ஒற்றை மூலம் என்றால் 6 டெசிபெல். வீதி நடுவிலிருந்து 5 மீற்றரில் இருந்த முகப்பை 20 மீற்றருக்குத் தள்ளினால் 6 டெசிபெல் மிச்சம். இரண்டு பரப்புக் காணியில் அதற்கு இடமில்லை. நாலு பரப்பு இருந்தால் முன்முற்றத்தைப் பெரிதாக விட்டு வீட்டைப் பின்னுக்குத் தள்ளுவது நல்ல முடிவு.

மதில் பற்றி ஒரு சொல். நிலத் தளத்து யன்னலில் நின்று பார்க்கும்போது வீதி வாகனம் மதிலால் மறைந்தால் ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும், மதில் உயர உயரக் கொஞ்சம் கூடும். மேல்மாடிக்கு ஒரு பயனும் இல்லை. மதிலில் அலங்காரத் துவாரம் விட்டால் கீழுக்கும் பயன் குறையும். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் பார்வையை மறிக்கும், சத்தத்தை மறிக்காது. பூவரசு, கிளுவை வரிசையும் அப்படித்தான். மரம் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பல பத்து மீற்றர் அடர்த்தி வேண்டும். மரத்தை நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் நடுங்கள்; சத்தத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

எங்கள் பழைய நாற்சார் வீட்டை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அறைகள் நடுமுற்றத்தைப் பார்த்துத் திறக்கின்றன. வீதிப் பக்கம் திண்ணையும் தடித்த சுவரும். காற்றும் வெளிச்சமும் முற்றத்தால் வருகின்றன, வீதிச் சத்தம் கூரையைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். பூட்டிய யன்னல் இல்லாமல் அமைதி தரும் அமைப்பு இதைவிட நல்லதாக எனக்குத் தெரியாது. குறையும் உண்டு: ஓர் அறைச் சத்தம் முற்றத்தால் மற்ற அறைகளுக்குப் போகும். இன்றைய வீட்டில் முழு நாற்சாருக்கு இடமில்லாவிட்டாலும் வீட்டின் ஒரு பக்கத்தில் சிறு உள்முற்றம் வைத்து, படுக்கை அறை யன்னல்களை அதற்குள் திறக்கலாம்.

இதே அறிவோடு உள் அறைகளை அடுக்குங்கள். வீதிப் பக்கம் வாகனத் தரிப்பு, படிக்கட்டு, குளியலறை, களஞ்சியம். நடுவில் விறாந்தை, சாப்பாட்டு அறை. பின்னால் படுக்கையும் படிப்பும். குளியலறைக் குழாய் ஓடும் சுவரில் கட்டில் தலைப்பக்கம் வராமல் பாருங்கள். ஒரே விறாந்தையில் இரு அறைக் கதவுகளை நேருக்கு நேர் வைக்காமல் சற்று விலக்கி வையுங்கள்.

சுவர்: திணிவும் ஓட்டையும்

ஒரு தனிச் சுவரின் பாரம் இரு மடங்கானால் தடுப்பு 5, 6 டெசிபெல் கூடும். நாலு இஞ்சிச் சீமெந்துக்கல், இரு பக்கமும் பூச்சு: ஏறத்தாழ 44. ஆறு இஞ்சித் திடக் கல், இரு பக்கப் பூச்சு: ஏறத்தாழ 50. வீட்டு அறைகளுக்கு நடுவில் முதலாவது போதும். வாடகைக்கு விடும் பகுதிக்கும் உங்கள் பகுதிக்கும் நடுவில் இரண்டாவதைக் கட்டுங்கள். பூச்சைத் தவிர்க்க வேண்டாம். சீமெந்துக்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைய. பூசாத சுவர் பல டெசிபெலை இழக்கும். சீலிங்குக்கு மேலே மறையப்போகும் பகுதிக்கும் பூச்சு வேண்டும். மேசன்மார் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

ஆனால் சுவரின் தடுப்பை முடிவு செய்வது அதிலுள்ள ஓட்டைதான். 50 டெசிபெல் சுவரில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20க்கு இறங்கும். பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10. பத்துச் சதுர மீற்றர் சுவரிலுள்ள கதவுக்குக் கீழே 10 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 31ஐத் தாண்ட முடியாது. இடைவெளியுள்ள தடுப்பு ஓட்டை வாளி போன்றது. வாளியின் தகட்டைத் தடிப்பாக்கி என்ன பயன்?

யாழ்ப்பாணத்தில் மிகப் பெரிய ஓட்டை பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கிறது. ஓட்டுக் கூரை, சீற்றுக் கூரை வீடுகளில் உள் சுவர்களைக் கூரை வரை ஏற்றுவதில்லை. எட்டு, ஒன்பது அடியில் நிறுத்திவிடுகிறோம். மேலே கூரைவெளி முழுவதும் ஒன்று. சீலிங் மெல்லிய பலகையாக இருந்தால் ஓர் அறைப் பேச்சு மேலேறி அடுத்த அறைக்குள் இறங்கும். சுவரைக் கூரை வரை கட்டி, கூரை அலையின் இடைவெளிகளைச் சாந்தால் அடையுங்கள். முடியாவிட்டால் சீலிங்குக்கு மேலே சுவரின் இரு பக்கமும் ஒரு மீற்றர் அகலத்துக்கு 100 மில்லிமீற்றர் றொக்வூலை (பாறை நாரில் செய்த பஞ்சுப் படை) விரித்துவிடுங்கள். முழுத் தீர்வு அல்ல, ஆனால் வித்தியாசம் தெரியும்.

கதவு: உள்ளே வெறுமையான கதவு 20 டெசிபெலைத் தாண்டாது. திடமான மரக் கதவுக்கு நிலையைச் சுற்றி றப்பர் நாடாவும், சாத்தும்போது கீழே இறங்கி இடைவெளியை அடைக்கும் பட்டியும் போட்டால் 30க்கு வரும். மின் பெட்டிகளைச் சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாகப் பதிக்க வேண்டாம், ஓரடியாவது தள்ளுங்கள்.

யன்னல்

50 டெசிபெல் சுவரில் ஐந்தில் ஒரு பங்கு 28 டெசிபெல் தடுக்கும் சாதாரணக் கண்ணாடி என்றால், பூட்டிய நிலையில் மொத்தம் 35. ஆனால் கடைகளில் கிடைக்கும் தள்ளும் அலுமினிய யன்னல் பூட்டினாலும் விளிம்பால் கசியும். கீல் வைத்துத் திறக்கும் யன்னல், றப்பரை அழுத்திப் பூட்டுவதால், இதைவிட நல்லது. ஏசி போடப்போகும் படுக்கை அறை வீதிப் பக்கம் வந்தே தீரும் என்றால் கீல் யன்னலும் 6.38 மில்லிமீற்றர் அடுக்குக் கண்ணாடியும் (இரு கண்ணாடிகளை நடுவில் மென்படலம் வைத்து ஒட்டியது) போடுங்கள். அதைவிடத் தடுப்பு வேண்டுமென்றால் உள்ளே இரண்டாவது யன்னல் ஒன்று, நடுவில் 100 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு. தொழிற்சாலையில் அடைத்து வரும், 12 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரட்டைக் கண்ணாடி வெப்பத்துக்கு நல்லது. வாகன உறுமலுக்குப் பெரிதாக உதவாது.

காற்றும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்றால்? ஹொங்கொங்கில் நெருக்கமான வீதிகளை ஒட்டிய அடுக்குமாடிகளில் ஒரு முறை உண்டு: இரண்டு யன்னல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, வெளி யன்னலின் திறப்பு ஒரு பக்கம், உள் யன்னலின் திறப்பு மறுபக்கம். காற்று வளைந்து வரும், சத்தம் நேராக வர முடியாது. திறந்த யன்னலைவிட ஏழெட்டு டெசிபெல் வரை கூடுதலாகக் குறையும். எங்கள் தச்சர்களும் அலுமினிய வேலைக்காரரும் செய்யக்கூடிய வேலைதான். நடு இடைவெளியின் பக்கங்களில் றொக்வூல் வைத்துத் துணி போர்த்தினால் இன்னும் நல்லது. நுளம்பு வலையையும் அதிலேயே பொருத்தலாம்.

கூரையும் மாரி மழையும்

ஐப்பசி, கார்த்திகையில் சீற்றுக் கூரைக்குக் கீழே பாடம் எடுத்த ஆசிரியருக்குச் சொல்லத் தேவையில்லை. மெல்லிய உலோகத் தகடு ஒரு சதுர மீற்றருக்கு 5 கிலோகிராம் அளவில்தான் இருக்கும். மழைத்துளி அதை மேளம் ஆக்கிவிடும். கொன்றீற் பிளேட் போட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது. தகடுதான் என்றால் தகட்டுக்குக் கீழே ஒட்டியபடி 50 மில்லிமீற்றர் கிளாஸ்வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு), பிறகு வெற்றிடம், அதற்குக் கீழே 12.5 மில்லிமீற்றர் ஜிப்சம் சீலிங். ஓரங்கள் அடைபட வேண்டும். வெக்கையும் இதனால் குறையும், ஆகவே செலவு இரட்டைப் பயன் தரும். எலி ஏறாமல் கூரை விளிம்பைக் கம்பி வலையால் அடையுங்கள்.

பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் உள்ள கட்டடம் என்றால் அதை வெட்டவோ துளையிடவோ உரசவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சீலிங் சட்டத்தைச் சுவரில் தாங்க வையுங்கள், சீற்றில் தொங்கவிட வேண்டாம்.

மேல்மாடியை வாடகைக்கு விடுவதென்றால்

கொன்றீற் பிளேட் பேச்சை மறிக்கும், காலடியை மறிக்காது. கதிரை இழுப்பது, பிள்ளைகள் ஓடுவது, அம்மியில் அரைப்பது எல்லாம் கட்டடத்தின் எலும்பினூடாகவே கீழே இறங்கும். இதற்கு வேறு அளவை: கீழே கேட்கும் அடிச் சத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இங்கிலாந்தில் 62 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது. தரைஓடு நேரே ஒட்டிய 5 இஞ்சிப் பிளேட்டில் இந்த எண் 75க்கு மேல் இருக்கும்.

தீர்வு, பிளேட்டுக்கும் மேல் சாந்துக்கும் நடுவில் ஒரு மென்படை: 5 மில்லிமீற்றர் மென்மையான றப்பர் விரிப்பு, அதன்மேல் 50 மில்லிமீற்றர் சாந்து, பிறகு தரைஓடு. சுவரோரத்தில் அதே றப்பரை மேலே மடித்துவிடுங்கள். சாந்து சுவரை ஓரிடத்தில் தொட்டாலும் அடிச் சத்தம் அந்த வழியால் இறங்கிவிடும். ஏற்கெனவே கட்டிய மாடி என்றால் கதிரைக் கால்களுக்கு றப்பர்த் தொப்பியும், படுக்கை அறையில் தடித்த விரிப்பும். சமையலறைக்கு மேலே சமையலறை, குளியலறைக்கு மேலே குளியலறை என்று அடுக்கினால் பாதித் தொல்லை வராது.

ரியூசன் வகுப்பு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பாடசாலை முடிந்து இருட்டும் வரை இருக்கும் இடம் இது. கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் கணிதம், அந்தப் பக்கம் வரலாறு. ஒரு ஆசிரியர் மைக் எடுத்தால் மற்றவரும் எடுக்கிறார். பிள்ளை சொல்லைப் பிடிப்பதிலேயே களைத்துப் போகிறது. காது சற்று மந்தமான பிள்ளையும், கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் முதலில் பின்தங்குகிறார்கள். அது பிள்ளையின் திறமைக் குறைவு அல்ல, கட்டடத்தின் குறை.

வகுப்பறையில் எதிர்முழக்க நேரம் முக்கியம். ஒரு சத்தம் நின்ற பிறகு 60 டெசிபெல் இறங்க எடுக்கும் நேரம் அது. அமெரிக்க நியமமான ஏஎன்எஸ்ஐ எஸ் 12.60, சுமார் 283 கனமீற்றர் வரையுள்ள வெறும் வகுப்பறைக்கு 0.6 செக்கனும், பின்புலச் சத்தம் 35 டெசிபெலும் எல்லை என்கிறது. கணிக்கும் சூத்திரம் வோலஸ் சபைன் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் கண்டது: 0.161ஐக் கனவளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் பிரிக்க வேண்டும்.

10 மீற்றர் நீளம், 6 அகலம், 3.5 உயரமுள்ள வகுப்பு என்று வையுங்கள். கனவளவு 210. சீமெந்துத் தரை, பூசிய சுவர், கொன்றீற் மேற்தளம் ஆகியவை தம்மேல் விழும் சத்தத்தில் நூறில் இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். திறந்த யன்னல் 6 சதுர மீற்றர் என்றால் அதில் பட்டது திரும்பி வராது, ஆகவே முழு 6. மீதிப் பரப்புகள் தருவது 4.5. எல்லாம் சேர்த்து உறிஞ்சல் 10.5. நேரம் 3.2 செக்கன். அப்படி முழங்கும் அறையில் ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழும். 50 பிள்ளைகள் வந்து அமர்ந்தால், ஒருவருக்கு 0.4 வீதம் 20 கூடி, நேரம் 1.1 செக்கனுக்கு வரும். இனி மேற்தளத்தில் 40 சதுர மீற்றருக்கு 0.7 பங்கு உறிஞ்சும் பலகை ஒட்டுவோம். வெறும் அறை 0.9, பிள்ளைகளோடு 0.6. மேற்தளம் முழுவதையும் மூடினால் வெறும் அறையே 0.66க்கு வந்துவிடும்.

பலகையை வாங்கத் தேவையில்லை, செய்யலாம். மரச் சட்டம், உள்ளே 50 மில்லிமீற்றர் றொக்வூல் அல்லது அழுத்திய தென்னந்தும்பு, மேலே காற்றுப் புகும் பருத்தித் துணி. சுவரிலிருந்தோ பிளேட்டிலிருந்தோ 50 மில்லிமீற்றர் விலக்கிப் பொருத்தினால் தாழ் மீடிறனிலும் வேலை செய்யும். தும்பென்றால் கறையானுக்கும் தீக்கும் மருந்திட்டதாக இருக்க வேண்டும். துணிமேல் பெயின்ற் அடித்தால் துளைகள் அடைபட்டுப் பயன் போய்விடும்.

வகுப்புகளுக்கு நடுவே கிடுகும் தகரமும் போதாது. நாலு இஞ்சிக் கல்லைக் கூரை வரை கட்டி இரு பக்கமும் பூசுங்கள். காணி வாடகைக்கு எடுத்தது, கல் கட்ட விடமாட்டார்கள் என்றால் உருக்குச் சட்டத்தில் இரு பக்கமும் ஜிப்சம் போர்ட், உள்ளே றொக்வூல்: 42க்கு மேல் வரும், கழற்றியும் எடுக்கலாம். யன்னல்களை அடுத்தடுத்த வகுப்புகளுக்கு ஒரே பக்கம், ஒன்றுக்கொன்று அருகில் வைக்க வேண்டாம். ஒரு வகுப்பின் சத்தம் வெளியே போய் அடுத்த யன்னலால் உள்ளே வரும்.

கலியாண மண்டபம்

நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே அருகில் 100 டெசிபெலை எட்டும். அதற்கு மேலே ஸ்பீக்கர். மண்டபத்துக்குள் 95 என்று வைத்தால், மாநகர எல்லைக்குள் மாலை 6 மணிக்குப் பிறகு காணி எல்லையில் 50 ஆக வேண்டும். கட்டடமும் தூரமும் சேர்ந்து 45 குறைக்க வேண்டும். தகட்டுக் கூரையும் பக்கத்தில் காற்றுத் துவாரமும் உள்ள மண்டபத்தால் 20க்கு மேல் தர முடியாது. ஆகவே நெருக்கமான குடியிருப்புக்குள் மண்டபம் என்றால் கொன்றீற் பிளேட்டும், ஏசியும், இரட்டைக் கதவு உள்ள முன்கூடமும் வேண்டும். அதற்குக் காசு இல்லையென்றால் அந்த இடத்தில் மண்டபம் கட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அயலில் முதியவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

உள்ளே முழக்கத்தைக் குறைத்தாலே ஸ்பீக்கரைக் குறைக்கலாம். 30 க்கு 15 மீற்றர், 6 மீற்றர் உயர மண்டபத்தில் 500 பேர் இருந்தாலும் நேரம் 1.9 செக்கன், பேச்சுக்கு 1.2 நல்லது. அதற்கு 190 சதுர மீற்றர் அளவு உறிஞ்சும் பலகை, மேற்தளத்திலும் மேடைக்கு எதிரேயுள்ள பின்சுவரிலும். மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் தூண்களில் சிறியவை பலவற்றைச் சனத்துக்கு அருகில் வையுங்கள். எல்லோருக்கும் கேட்கும், வெளியே போவது குறையும்.

மருத்துவர் அறை

நோயாளி சொல்வது வெளியே காத்திருப்பவருக்குக் கேட்கக் கூடாது. சின்ன ஊர், எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். அலுமினியச் சட்டத்தில் பலகை போட்ட தடுப்பு 25 டெசிபெல்தான் தரும், அதுவும் மேலே சீலிங்கோடு நின்றுவிடும். தடுப்பைப் பிளேட் வரை ஏற்றி 45க்குக் கொண்டுவாருங்கள், கதவைச் சுற்றியும் கீழும் உள்ள இடைவெளியை றப்பரால் அடையுங்கள், காத்திருக்கும் கதிரைகளைக் கதவுக்குப் பக்கத்திலிருந்து விலக்குங்கள். காத்திருக்கும் பகுதியில் மின்விசிறி ஓடுவதும் பேச்சை மறைக்க உதவும்.

மோட்டர், ஜெனரேற்றர், ஏசி

தண்ணீர் மோட்டரை வீட்டுச் சுவரோடு இணைந்த மேடையில் பூட்ட வேண்டாம். தனிக் கொன்றீற் கட்டை, அதன்மேல் றப்பர்த் தாங்கி, குழாயில் ஒரு முழம் வளையும் இணைப்பு. ஏசியின் வெளிப்பெட்டியை அயலவரின் படுக்கை யன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். இரவு எல்லை (பிரதேச சபைக்குள் 45, மாநகர, நகர சபைக்குள் 50 டெசிபெல்) உங்களுக்கும் உண்டு. ஜெனரேற்றர் அறைக்கு ஆறு இஞ்சிச் சுவரும் பிளேட்டும் வேண்டும். காற்று உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் றொக்வூல் ஒட்டிய, வளைந்த பாதையாக இருக்கட்டும். புகைக்குழாய் வாய் மேலே பார்க்கட்டும்.

வேலைத்தளத்தில் பார்க்க வேண்டியது

ஒப்பந்தத்தில் “சத்தம் வராமல் கட்டித் தர வேண்டும்” என்று எழுதினால் யாரையும் பிடிக்க முடியாது. எண்ணை எழுதுங்கள்: எந்த இரு அறைகளுக்கு நடுவே எத்தனை டெசிபெல், ஐஎஸ்ஓ 16283 முறைப்படி கட்டிய இடத்தில் அளந்து. ஆய்வுகூடத்தில் 50 தந்த சுவர் கட்டிய இடத்தில் 45 தருவது வழமை. ஆகவே 45 வேண்டுமென்றால் 50 தரும் சுவரைத் தெரிவு செய்யுங்கள்.

அளக்க ஆளில்லாத சின்ன வீட்டு வேலைக்கு வேறு வழி உண்டு. பூச்சு முடிந்து, கதவு யன்னல் பூட்டி, பெயின்ற் அடிப்பதற்கு முன் ஒரு நாள் இரவு போங்கள். ஓர் அறையில் ரேடியோவை இரைச்சல் மட்டும் வரும்படி உரக்க விட்டுக் கதவைச் சாத்துங்கள். அடுத்த அறையில் விளக்கை அணைத்துவிட்டு, சுவர் பிளேட்டைத் தொடும் மூலை, குழாய் நுழையும் இடம், மின் பெட்டி, கதவு நிலை என்று ஒவ்வொன்றாகக் காதை வையுங்கள். முதல் அறையில் வெளிச்சம் இருந்தால் கசியும் இடம் கண்ணுக்கும் தெரியும். அந்த இடங்களில் சோக்கட்டியால் வட்டம் போட்டு, சிறு இடைவெளியைச் சிலிக்கனாலும் பெரியதைச் சாந்தாலும் அடைத்த பிறகு, மறுபடியும் ரேடியோவைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பெயின்ற் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.